நிலவுக்கு மேலே 5 கிலோமீட்டர்

2025 ஜூன் 6ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு என் அக்காள் மகள் கதவைத் தட்டி என்னை எழுப்பினாள். படிவம் 4 படிக்கிறாள். விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஜப்பானைச் சேர்ந்த ஐஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம் அனுப்பிய ரெசிலியன்ஸ் என்னும் ஆளில்லாத் தரையிறங்கிக் கலம் நிலவில் இறங்கும் காட்சியை நேரலையில் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். ஆளுக்கொரு கோப்பை மைலோவைக் கையில் பிடித்துக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தோம்.

நிலவின் வடபகுதியில் 'குளிர்க் கடல்' எனப்படும் சமவெளிதான் இலக்கு. கலத்துக்குள் ஒரு குட்டி உலாவி வண்டியும், சுவீடன் நாட்டு ஓவியர் ஒருவர் செய்து கொடுத்த உள்ளங்கை அளவுச் சிவப்பு வீடும் இருந்தன. அந்தச் சிவப்பு வீட்டுக்காகத்தான் அவள் இவ்வளவு ஆர்வமாக இருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நம் நேரப்படி 3.17க்குக் கலம் தரையைத் தொட வேண்டும். மணி 3.17ஐத் தாண்டியது. தோக்கியோவில் இருந்த பொறியாளர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. சில மணி நேரம் கழித்து நிறுவனம் ஒப்புக்கொண்டது: தரைக்கு உள்ள தூரத்தை அளக்கும் லேசர் கருவியிடமிருந்து சரியான அளவுகள் வருவதில் தாமதம் ஏற்பட்டது, கலத்தால் தேவையான அளவுக்கு வேகத்தைக் குறைக்க முடியவில்லை, நிலவில் மோதியிருக்க வேண்டும்.

"மாமா, 1969லேயே மனுஷன் போய் இறங்கிட்டாருன்னு படிச்சோம். இப்ப ஏன் இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள்.

இது நியாயமான கேள்வி. உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். இதையே காரணமாக வைத்து, 'அப்படியானால் 1969இல் போனதே பொய்' என்று புலனக் குழுக்களில் செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நான் விண்வெளி விஞ்ஞானி அல்லன். கிள்ளானுக்கு அருகே ஓர் எண்ணெய் பதப்படுத்தும் ஆலையில் அளவுக்கருவிகளைக் கவனிக்கும் பொறியாளர். தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று சொல்லும் உணரிகள், அதாவது சென்சர்கள், உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அன்றிரவு அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில், நிலவில் அண்மையில் நடந்த விபத்துகளில் நான் பார்ப்பது ராக்கெட் பிரச்சினையை அல்ல; என் ஆலையில் தினமும் பார்க்கும் பிரச்சினையைத்தான்.

முதலில் 1969. அப்பல்லோ 11 இறங்கியபோது உள்ளே நீல் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். கணினி கொண்டுபோன இடம் பாறைகள் நிறைந்த பள்ளத்தின் அருகே என்பதைச் சன்னல் வழியே கண்ணால் பார்த்தார். கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளத்தைத் தாண்டிச் சென்று சமதரையில் இறக்கினார். எரிபொருள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சமிருந்தது. இன்று போகும் இயந்திரங்களில் அந்தக் கண் இல்லை. அந்தக் கண்ணையும், அதன் பின்னால் இருந்த மூளையையும் சில கருவிகளாகவும் மென்பொருளாகவும் மாற்றி அனுப்புகிறோம்.

ஆளில்லாக் கலங்கள் அன்றே இறங்கியதில்லையா என்றால், இறங்கின. 1966 பிப்ரவரியில் சோவியத்தின் லூனா 9, அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் சர்வேயர் 1. ஆனால் லூனா 9க்கு முன்னால் சோவியத் ஒன்றியம் வரிசையாகப் பல கலங்களை இழந்தது. அமெரிக்கா அனுப்பிய 7 சர்வேயர்களில் 5தான் பத்திரமாக இறங்கின. அவை இரண்டு வல்லரசுகள் பணத்தைக் கணக்குப் பார்க்காமல் செலவழித்த காலத்துக் கலங்கள். இன்று அனுப்புகிறவர்களில் சில நூறு ஊழியர்களே உள்ள நிறுவனங்களும் இருக்கின்றன.

நிலவில் இறங்குவது ஏன் கடினம்? நிலவைச் சுற்றும் கலம் வினாடிக்கு ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்விடலாம். அதைப் பூச்சியமாக்க வேண்டும். நிலவில் காற்று இல்லை. ஆகவே வான்குடை விரிக்க வழியில்லை. இயந்திரத்தை எதிர்த்திசையில் எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். பூமியிலிருந்து கைப்பிடியை ஆட்டி ஓட்டலாம் என்றால், வானொலி அலை போய்ச் சேர 1.3 வினாடி, திரும்பி வர 1.3 வினாடி. கலம் குழியை நோக்கிப் போவதை நாம் பார்த்துக் கட்டளை அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நம் கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். போல அங்கே எதுவும் கிடையாது. (2025 மார்ச்சில் நிலவில் இறங்கிய ஒரு கலம் பூமியைச் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் மெலிந்த சைகைகளை அங்கிருந்தே பிடித்துக் காட்டியது. அருமையான சோதனை. ஆனால் அதை நம்பித் தரையிறங்கும் காலம் இன்னும் வரவில்லை.)

அப்படியானால் தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது கலத்துக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழிகள். மின்சாரம் போன இரவில் படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். எத்தனை அடி எடுத்து வைத்தோம், எங்கே திரும்பினோம் என்று மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டு போகிறோம். கலத்தில் முடுக்கமானிகளும் சுழல்மானிகளும் செய்வது இந்த வேலையை. ஒவ்வொரு கணமும் வேகம் எவ்வளவு மாறியது என்று கூட்டிக்கொண்டே போய், 'இப்போது நான் இங்கே இருக்க வேண்டும்' என்று ஊகிக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் ஒரு சிறு பிழை சேரும். பத்து நிமிடத்தில் அது பெரும்பிழை ஆகிவிடும். எனவே இருட்டில் நாம் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறோம் அல்லவா? கலம் ராடாரையோ லேசரையோ கீழே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளந்து தரையைத் 'தொட்டுப்' பார்க்கிறது.

சிக்கல் இங்கேதான். மனக்கணக்கு ஒன்று சொல்கிறது. கை வேறொன்று சொல்கிறது. யாரை நம்புவது?

இதே ஐஸ்பேஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் தன் முதல் கலமான ஹகுடோ-ஆரை இறக்க முயன்றது. நம் நேரப்படி ஏப்ரல் 26, நள்ளிரவு தாண்டியிருந்தது. அட்லஸ் என்ற பெரும் பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். கலம் அழகாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தது. பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது கீழே இருந்த தரை திடீரென ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தாழ்ந்துபோனது. அது செங்குத்தான மலைச்சரிவு. ராடார் உள்ளதை உள்ளபடியே சொன்னது: 'உயரம் கூடிவிட்டது.' மென்பொருளோ, 'ஒரே கணத்தில் உயரம் இவ்வளவு கூடுமா? கருவி கெட்டுவிட்டது போலிருக்கிறது' என்று முடிவு செய்து, ராடாரின் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. அதன்பிறகு மனக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கியது.

அந்த மனக்கணக்கின்படி உயரம் பூச்சியம் ஆனபோது கலம் உண்மையில் தரைக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. கினபாலு மலையின் உச்சியைவிட உயரம். கால்கள் தரையில் படும் என்று எதிர்பார்த்து, வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தில், நிதானமாக, ஒழுங்காக, வெற்று வெளியில் இறங்கிக்கொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்தது. கல்போல் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து, 2023 மே 26இல், அந்த நிறுவனம் இதையெல்லாம் பொதுவில் சொன்னது. மென்பொருள் வடிவமைப்பு உறுதியான பிறகு தரையிறங்கும் இடத்தை மாற்றியதையும், புதிய பாதையில் இருந்த அந்தச் சரிவைக் கணினி ஒத்திகைகளில் போதிய அளவு சேர்க்காததையும் மறைக்கவில்லை. நான் அந்த விளக்கத்தை மதிய உணவு நேரத்தில் கைப்பேசியில் படித்தேன். அன்று மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை.

ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் ஆலையில் ஒரு தொட்டி நிரம்பி வழிந்தது. அந்தத் தொட்டியின் மட்டத்தை மேலிருந்து ராடார் கருவி அளக்கும். எண்ணெயின்மேல் நுரை எழும்பினால் அளவு தாறுமாறாகத் துள்ளும். கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். இரவு வேலைக்காரர்கள் சலித்துப் போவார்கள். அதனால் நான் ஒரு வடிகட்டி எழுதிச் சேர்த்தேன். புதிய அளவு பழைய அளவிலிருந்து ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விலகினால் அதைப் புறக்கணித்துவிடு. கடைசியாக வந்த நல்ல அளவையே திரையில் காட்டு. அவ்வளவுதான், நான்கைந்து வரி. எல்லாரும் பாராட்டினார்கள். மணி அடிப்பது நின்றது.

ஓர் இரவு தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது நுரை கிளம்பியது. வடிகட்டி தன் வேலையைச் செய்தது. திரை 62 விழுக்காட்டில் நின்றது. இருபது நிமிடத்தில் நுரை அடங்கியது. அதற்குள் எண்ணெய் 81 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. கருவி 81 என்று சரியாகச் சொன்னது. வடிகட்டியோ அதைப் பழைய 62உடன் ஒப்பிட்டுப் பார்த்து, 'வித்தியாசம் அதிகம், பொய்' என்று தள்ளியது. 85 சொன்னது, தள்ளியது. 95 சொன்னது, தள்ளியது. திரையில் 62. தனியாக இருக்க வேண்டிய மிதவை எச்சரிக்கையும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எண்ணெய் வழிந்து சுற்றுச்சுவருக்குள் தேங்கிய பிறகுதான் நடந்து போன ஒருவர் பார்த்தார். யாருக்கும் காயமில்லை.

மறுநாள் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அறிக்கையில் 'நுரையால் மட்டக்கருவி தவறான அளவு காட்டியது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கருவி தவறு செய்யவில்லை. என் வரிகள் தவறு செய்தன. கருவிக்கு வாய் இல்லை என்பதால் பழி அதன்மேல் போனது. எட்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தொட்டியும் அதே போல வழிந்தது. அங்கேயும் அதே வடிகட்டி. அதைப் போட்டவர் என் சக ஊழியர், என்னிடமிருந்து நகலெடுத்தவர். நான் எழுதிய அறிக்கையைப் படித்திருந்தும் அவருக்கு அதில் எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை.

இதைத்தான் அந்தச் சோற்றுத் தட்டின் முன் நினைத்துக்கொண்டேன். நிலவுக்கு மேலே 5 கிலோமீட்டரில் நடந்ததும் என் தொட்டியில் நடந்ததும் ஒரே பிழை. அவர்கள் உலகத்துக்கே சொன்னார்கள். நான் பக்கத்து மேசைக்குக்கூடச் சொல்லவில்லை.

மற்ற விபத்துகளுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் இன்டியூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ் நிலவில் இறங்கியது. 1972க்குப் பிறகு நிலவில் மெதுவாக இறங்கிய முதல் அமெரிக்கக் கலம். ஆனால் ஒரு கால் முறிந்து சாய்ந்துவிட்டது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அதன் லேசர் தூரமானிக்கு ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. பூமியில் வேலை செய்கிறவர்களின் கண்ணுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக. ராக்கெட் கிளம்புவதற்கு முன் அதைக் கையால் நீக்க வேண்டும். நீக்கவில்லை. நிலவைச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அவசர அவசரமாக, கலத்தில் சோதனைக்காக வைத்திருந்த நாசாவின் வேறொரு லேசர் கருவியைப் பயன்படுத்த மென்பொருளைத் திருத்தினார்கள். அதிலும் ஒரு சிறு குறியீடு விடுபட்டதால் அந்த அளவுகள் கணக்கில் சேரவில்லை. கேமராவையும் மனக்கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டே அது இறங்கியது. என்னைக் கேட்டால், சாய்ந்தது வியப்பல்ல. அந்த நிலையிலும் உயிரோடு தரை சேர்ந்ததுதான் வியப்பு.

அதே நிறுவனத்தின் அடுத்த கலமான அதீனா 2025 மார்ச் 6இல் தென்துருவத்துக்கு அருகே ஒரு குழிக்குள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. மறுபடியும் லேசர் உயரமானியில் இரைச்சல். கூடவே, தென்துருவத்தில் சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே இருப்பதால் விழும் நீண்ட நிழல்கள் கேமராவைக் குழப்பின. ஜூனில் ரெசிலியன்ஸ். ஹகுடோ-ஆரின் மென்பொருளைத் திருத்திவிட்டு வந்தார்கள். இம்முறை மென்பொருள் அல்ல, லேசர் தூரமானிக் கருவியே சரியாக வேலை செய்யவில்லை என்று அதே மாதம் 24ஆம் தேதி விளக்கினார்கள். ஆக, இரண்டேகால் ஆண்டுக்குள் நான்கு கலங்கள் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை உரிய நேரத்தில் சரியாக அறியாமல் இறங்கியிருக்கின்றன.

எல்லா விபத்தையும் இந்த ஒரு பெட்டிக்குள் அடைக்க நான் முயலவில்லை. 2019இல் இஸ்ரேலின் பெரேஷீட் விழுந்தது வேறு விதம்: ஒரு வழிகாட்டிக் கருவி பழுதாக, அதை மீண்டும் இயக்க அனுப்பிய கட்டளை தொடர்விளைவாக முதன்மை இயந்திரத்தையே நிறுத்திவிட்டது. 2023 ஆகஸ்டு 19இல் ரஷ்யாவின் லூனா 25, சுற்றுப்பாதையைத் திருத்தும்போது 84 வினாடி எரிய வேண்டிய இயந்திரம் 127 வினாடி எரிந்ததால் மோதியது. போதும் என்று சொல்ல வேண்டிய முடுக்கமானி இயக்கப்படவே இல்லை. ஜப்பான் அரசின் ஸ்லிம் கலம் 2024 ஜனவரியில் இலக்குக்கு 55 மீட்டர் அருகிலேயே இறங்கி அசத்தியது. ஆனால் கடைசி 50 மீட்டரில் ஓர் இயந்திரத்தின் முனை கழன்றதால் மூக்குக் குத்தி நின்றது. அதைப் படம்பிடித்து அனுப்பியது ஒரு பொம்மை நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய, பேஸ்பால் பந்து அளவே உள்ள குட்டி ரோபோ. ரோபோட்டிக்ஸ் மன்றத்தில் இருக்கும் மாணவர்கள் அந்த ரோபோவைப் பற்றித் தேடிப் படியுங்கள்.

சீனாவை விட்டுவிட்டுப் பேசினால் நேர்மையாகாது. சாங்கே 3, 4, 5, 6 என்று இறங்கப் போன நான்கும் இறங்கின. சாங்கே 6, 2024 ஜூனில் பூமியிலிருந்து பார்க்க முடியாத மறுபக்கத்தில் இறங்கி, 1,935.3 கிராம் மண்ணை எடுத்துக்கொண்டு திரும்பியது. சாங்கே 3 தரைக்கு ஏறக்குறைய 100 மீட்டர் மேலே அந்தரத்தில் நின்று, கீழே பார்த்து, பாறையில்லாத இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே இறங்கியது. தனியாரால் முடியாதா என்றால் அதுவும் இல்லை. அதீனா விழுவதற்கு நான்கு நாள் முன்பு, ஃபயர்ஃபிளை என்ற அமெரிக்க நிறுவனத்தின் புளூ கோஸ்ட், வழியில் இரண்டு முறை ஆபத்தான இடத்தைத் தவிர்த்து விலகி, நேராக நின்றது.

இப்போது நம் வாசகர்கள் காத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்டு 23 இரவு 8.34 மணி உங்களுக்கு நினைவிருக்கும். என் புலனக் குழுக்களில் அன்றிரவு முழுவதும் ஒரே செய்திதான்: திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் தமிழர், விழுப்புரத்துக்காரர். உண்மைதான், பெருமைதான். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன், பாலிடெக்னிக் பட்டயத்தில் தொடங்கி ஐ.ஐ.டி. முனைவர் பட்டம் வரை போனவர் என்பது நம் பாலிடெக்னிக் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியும்கூட. ஆனால் அந்தச் செய்திகளில் ஒன்றுகூட அந்தக் கலம் ஏன் விழவில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் பெருமைப்படுவது பாதிப் பெருமை.

2019 செப்டம்பர் 7இல் சந்திரயான்-2இன் விக்ரம் விழுந்தது. அதில் ஐந்து இயந்திரங்கள். அவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. வழித்தடத்தில் பிழைகள் சேர்ந்தன. திருத்த வேண்டுமானால் கலம் சட்டென்று திரும்ப வேண்டும். ஆனால் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்று மென்பொருளில் ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். இறங்கும் இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் போயே தீர வேண்டும் என்று கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. தரை நெருங்கிவிட்டது.

சந்திரயான்-3இல் செய்த மாற்றங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் இருந்த ஐந்தாவது இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். சதுரத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். எங்கே இறங்கினாலும் சரி, பத்திரமாக இறங்கு என்று அர்த்தம். வினாடிக்கு 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி கால்களை வலுவாக்கினார்கள். தரையைப் பொறுத்துத் தன் வேகம் எவ்வளவு என்று நேரடியாக அளக்கும் லேசர் டாப்ளர் வேகமானியைச் சேர்த்தார்கள். உணரிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெண்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்து டன் கணக்கில் கொண்டுபோய்ச் செயற்கை நிலவுத் தரை அமைத்துப் பரிசோதித்தார்கள். இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் இதை, வெற்றியை எண்ணி அல்ல, எது எது கெட்டுப்போகலாம் என்று எண்ணிச் செய்த வடிவமைப்பு என்று விளக்கினார். உணரிகள் எல்லாம் செயலிழந்தாலும், இரண்டு இயந்திரங்கள் நின்றுபோனாலும் இறங்க வேண்டும் என்பது கணக்கு.

கலமும் 800 மீட்டரில் ஒரு முறை, 150 மீட்டரில் மறுமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. அதற்கு இடம் தேர்ந்தெடுக்க உதவிய படங்களை எடுத்தது, நான்கு ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டே இருந்த சந்திரயான்-2இன் சுற்றுக்கலம். 'தோற்றுப்போன' திட்டத்தின் மற்ற பாதி.

இஸ்ரோவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 2019 விபத்துக்கான இந்த விரிவான விளக்கம் பொதுமக்கள் காதுக்கு வந்தது 2023 ஜூலையில், சந்திரயான்-3 கிளம்பவிருந்த நேரத்தில். கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள். உள்ளுக்குள் அவர்கள் எல்லாவற்றையும் அலசினார்கள் என்பதற்கு அந்த மாற்றங்களே சான்று. ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு, வெளியே இருக்கும் மாணவர்களுக்கும் பாடமாக வேண்டும் அல்லவா? தனியார் நிறுவனம் ஒன்று ஒரு மாதத்தில் சொல்ல முடிந்ததை அரசு நிறுவனம் சொல்ல நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நான் ஏற்கவில்லை.

விக்ரம் விழுந்த இடத்தைப் பற்றி வெளியாள் ஒருவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். மதுரையைச் சேர்ந்த, சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்துப் பொதுவில் வெளியிட்ட படங்களைத் தன் வீட்டுக் கணினியில் பழைய படங்களுடன் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளி தென்பட்டது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் புதிய படங்கள் எடுத்துச் சரிபார்த்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். படங்கள் திறந்து கிடந்ததால் அவருக்கு அது முடிந்தது. அவை பூட்டிய அலமாரியில் இருந்திருந்தால் அவர் எத்தனை இரவு விழித்திருந்தும் பயனில்லை. அந்தப் படங்கள் இன்றும் இணையத்தில் திறந்துதான் கிடக்கின்றன, நீங்களும் பார்க்கலாம்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். சந்திரயான்-3க்கு ஏறக்குறைய 615 கோடி ரூபாய். தனியார் கலங்களையும் குறைந்த செலவில் அனுப்புவதே இன்றைய கொள்கை. மலிவாகச் செய்தால் மாற்றுக் கருவி குறையும், ஒத்திகை குறையும், சில கலங்கள் விழும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே மனிதர் இல்லை. ஆனால் மலிவான தோல்வி என்பது அதன் காரணம் வெளியே வரும்வரைதான் மலிவு. காரணம் உள்ளேயே புதைந்தால் அடுத்தவர் அதே விலையை மறுபடியும் கொடுக்க வேண்டும். எங்கள் ஆலை ஒரே பிழைக்கு இரண்டு தொட்டி எண்ணெயைக் கொடுத்ததே.

அன்று விடியும் வரை இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். என் தொட்டிக் கதையையும் அவளிடம் மறைக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புறம் அந்த ரிப்போர்ட்ட மாத்துனீங்களா மாமா?" என்றாள்.

மாற்றினேன். 2023இல், ஐஸ்பேஸின் விளக்கத்தைப் படித்த அடுத்த வாரம். பழைய கோப்பைத் திறந்து, 'மட்டக்கருவி சரியாகவே அளந்தது; நான் எழுதிய வடிகட்டி அதைப் புறக்கணித்தது' என்று ஒரு பக்கம் சேர்த்து, தேதி போட்டுக் கையொப்பமிட்டு மேலாளரிடம் கொடுத்தேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் படித்துவிட்டு, ஆலையில் இன்னும் எத்தனை தொட்டிகளில் அந்த வடிகட்டி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். தேடியதில் மேலும் ஏழு இருந்தன. இப்போது அவை பழைய அளவைக் காட்டும்போது எண் சிவப்பாக மாறும். இரண்டு நிமிடத்துக்கு மேல் சிவப்பாகவே இருந்தால் மணி அடிக்கும். இரவு வேலைக்காரர்களுக்கு என்மேல் மறுபடியும் கோபம்.

அவள் பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவில் இருக்கிறாள். அவர்களுடைய வண்டி சுவரில் மோதியபோது, மின்கலம் தீர்ந்துவிட்டது என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் தூரத்தை அளக்கும் உணரியின் 'விசித்திரமான' எண்களைத் தள்ளிவிடும்படி ஒரு வரி எழுதியிருந்தார்களாம். இதை அவளாகவேதான் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மைலோ கோப்பைகளைக் கழுவப் போனேன்.

ஐஸ்பேஸ் மூன்றாவது கலத்தை 2027இல் அனுப்ப அப்போது திட்டமிட்டிருந்தது. அதற்குள் அவளுக்கு எஸ்.பி.எம். முடிந்திருக்கும். அன்றைக்கும் என்னை எழுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.